தோல்வியுற்ற பரீட்சைகளும் ஏட்டில் ஏறட்டும்

2017 ஜூன் 14 ஆம் தேதி, நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், லண்டன் வடக்குக் கென்சிங்டனில் உள்ள கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், ஒரு குளிர்பதனப் பெட்டியில் பற்றிய நெருப்பு, அந்தச் சமையலறையோடு அடங்கியிருக்க வேண்டியது, ஜன்னலை ஒட்டி வெளியேறி, சுவரின் புறத்தே போர்த்தியிருந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறி, 72 உயிர்களைக் குடித்தது. அந்தப் பலகை, மெல்லிய இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கை வைத்துச் செய்தது. பிளாஸ்டிக் எரியும் என்று அறிய விசாரணைக் கமிஷன் வேண்டியதில்லை. அறிந்தவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கண்டறியத்தான், ஓய்வுபெற்ற நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் அமைந்த கமிஷனுக்கு 7 ஆண்டுகள் ஆயின.

கமிஷன் வெளிக்கொணர்ந்த விருத்தாந்தம் இது. பலகையை உற்பத்தி செய்த ஆர்கோனிக் கம்பெனி அதை இரண்டு விதமாகப் பொருத்தலாம் என்று விற்றது: தட்டையாக வைத்து ரிவெட் அடிப்பது ஒன்று, ஓரங்களை மடித்துப் பெட்டி போலாக்கி மாட்டுவது மற்றொன்று. 2004 ஆம் ஆண்டிலேயே நடந்த பரீட்சையில் பெட்டி வடிவம் மிக மோசமாக எரிந்தது. அந்த முடிவு கம்பெனிக்குள்ளேயே தங்கிவிட, நல்ல முடிவு மட்டும் புறப்பட்டுச் சென்று, 2008 இல் பிரிட்டிஷ் சான்றிதழ் ஒன்றில் இரண்டு வடிவங்களுக்கும் பொதுவானதுபோல் ஏறி அமர்ந்தது. கிரென்ஃபெல்லில் மாட்டியது பெட்டி வடிவமே. அதே சுவரில் பொருத்திய வெப்பக் காப்புப் பலகையைச் செய்த செலோடெக்ஸ் கம்பெனியின் கதை இன்னும் விநோதம்: 2014 இல் மாதிரிச் சுவர் எழுப்பி நெருப்பு மூட்டியபோது, தீயைத் தடுக்கும் மக்னீசியம் ஆக்சைடு பலகைகளையும் கூடவே வைத்துத் தேறிவிட்டு, அறிக்கையில் அவற்றைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆள் மாறாட்டம் செய்து பரீட்சை எழுதியவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

குற்றவாளிகளைத் தண்டிப்பது நியாயமே. எனினும், வஞ்சகம் இத்தனை காலம் நிலைத்ததற்கு, பொருள்களைப் பற்றிய விவரங்கள் எழுதப்படும் முறையும் துணை நின்றது என்பது என் அபிப்பிராயம். பளபளப்பான விற்பனைப் புத்தகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்பது எழுதுகிறவர் இஷ்டம். விடுபட்டது எவர் கண்ணிலும் படுவதில்லை. அதற்கு மாறாக, புறச்சுவர்ப் பலகை என்றால் இன்னின்ன தலைப்புகளில், இன்ன அளவுமுறையில், எந்த வடிவத்தை எப்போது பரீட்சித்தது என்பதோடு எழுத வேண்டும் என எல்லா உற்பத்தியாளருக்கும் ஒரே அட்டவணையை விதித்து, கம்ப்யூட்டர் படிக்கும்படி அதைப் பொதுவில் வைக்கச் செய்திருந்தால், பெட்டி வடிவத்தின் தீப் பரீட்சைக்குரிய கட்டம் வெறுமையாக நின்று, வேலைக்குப் புதிதாக வந்த எஞ்சினீயரையும் கேள்வி கேட்க வைத்திருக்கும். அத்தகைய அட்டவணைகளுக்கு இலக்கணம் வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 23387 என்ற சர்வதேசத் தர நிர்ணயம் 2020 முதலே இருக்கிறது.

கட்டடம் பற்றிய தகவல், வரைபடம் தொட்டுக் குடியிருப்புக் காலம் வரை அறுபடாது தொடர வேண்டும் என்று 2018 இல் அறிக்கை தந்த ஜூடித் ஹேக்கிட் அம்மையார், அதற்குப் ‘பொன் இழை’ என்று பெயரிட்டார். 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் 18 மீட்டர் உயரமோ 7 மாடியோ எட்டிய குடியிருப்புகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. நல்லதே, ஆனால் உற்பத்தியாளரிடமிருந்து வரும் நூலே இற்றிருந்தால் நெசவாளி என்ன செய்வார்?

தொழில் ரகசியம் போய்விடும் என்ற முறையீடு எழக்கூடும். கலவையின் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. எரிந்ததா, எவ்வளவு நேரத்தில் எரிந்தது என்றுதான் கேட்கிறோம். பொய்யர் அட்டவணையிலும் பொய் எழுதுவார் என்பது மெய்தான். அப்போது அதைத் தேதியிட்டு, தம் பெயரில் எழுத வேண்டியிருக்கும்.

2024 செப்டம்பரில் வெளிவந்த இறுதி அறிக்கை, சான்றிதழோடு அதற்கு ஆதாரமான பரீட்சை முடிவுகள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டுமென்றும், பொருளின் முழுப் பரீட்சை வரலாற்றையும் உற்பத்தியாளர் ஒழுங்குமுறை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டுமென்றும் பரிந்துரைத்திருக்கிறது. முழு வரலாறு என்றால் தோல்வியுற்ற பரீட்சைகளும் அதில் அடக்கம். சட்டம் எழுதும்போது பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்த ‘முழு’ என்ற சொல்லை மட்டும் கைவிடலாகாது.