உடனிருப்பவரின் பையை யார் கட்டுவது?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களும் மக்காவைத் துறந்து ஹிஜ்ரத் புறப்பட்ட வேளை. வழிக்கு வேண்டிய உணவு பையில் இடப்பட்டுவிட்டது. ஆனால், அதைக் கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை. அபூபக்கர் (ரலி) அவர்களின் அருமை மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் சற்றும் தயங்காமல் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து அந்தப் பையைக் கட்டிக் கொடுத்தார்கள். ‘இரு கச்சைக்குரியவர்’ என்னும் சிறப்புப் பெயர் அதனாலேயே அவர்களுக்கு நிலைத்தது. பின்னர் அதே அம்மையார் நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனா நோக்கிப் பயணம் செய்து, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள்.

பயணம் போகும் ஆடவருக்குப் பெண்மணி ஒருவர் பை கட்டிய வரலாறு இது. பேறுகாலமும் ஒரு பயணமே. உயிரைப் பணயம் வைத்துச் செல்லும் பயணம். அந்தப் பயணத்திற்கு நம் இல்லங்களில் பை கட்டுகின்றவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உறவில் ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அவளுக்கு வேண்டிய துணிமணிகள் ஒரு பையில் இருந்தன. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று துவைத்து மடித்த மெல்லிய பழந்துணிகள் மற்றொரு பையில் இருந்தன. ஆனால், உடன் தங்கவேண்டிய அவளுடைய உம்மா வெறுங்கையோடு வந்து நின்றார். அவர் சர்க்கரை நோயாளி. மாத்திரைகள் வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டன. இரவு முழுவதும் வலி நீடித்தது. மகளின் கையைப் பற்றியவாறு நின்ற அந்தத் தாய் ஒரு கவளமும் உண்ணவில்லை. ஃபஜ்ர் நேரத்தில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். செவிலியர் இருவரையும் கவனிக்க வேண்டியதாயிற்று. மகளோ தன் வலியை மறந்து, “என் உம்மாவுக்கு என்ன ஆயிற்று?” என்று கதறினாள். வாயிலில் நின்ற கணவரிடம் மனைவியின் இரத்த வகையைக் கேட்டார்கள், அவருக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வின் அருளால் தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர். எனினும், அந்த இரவு நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. உடனிருப்பவர் தளர்ந்தால், அவரைச் சார்ந்திருப்பவளும் தளர்ந்து போவாள்.

பேறுகாலத்தில் துணையிருப்பது வெறும் சம்பிரதாயமன்று. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வறிக்கையின்படி, வலி நேரம் முழுவதும் துணை பெற்ற பெண்களுக்கு இயல்பான பிரசவம் நிகழும் வாய்ப்பு மிகுகிறது. வலி நேரம் குறைகிறது. அறுவைச் சிகிச்சையின் தேவையும் குறைகிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்புகின்ற ஒரு துணை இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அரசு மருத்துவமனைகளில் இத்தகைய துணைக்கு இடமளிக்கும் வழிகாட்டுதலை இந்திய அரசு 2016இலேயே வெளியிட்டது. துணையாக வருபவர் தொற்றுநோய் இல்லாதவராக இருக்கவேண்டும், தூய உடை அணிந்திருக்கவேண்டும், இறுதிவரை உடனிருக்கவேண்டும், மருத்துவப் பணியில் குறுக்கிடலாகாது என்பன அதன் நிபந்தனைகள். பெண்களின் மறைவு காக்கப்படும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்று அது கூறுகிறது.

தலைப்பிரசவத்தில் வலி முற்றிய பிறகும் 12 மணி நேரம்வரை ஆகக்கூடும். அவ்வளவு நேரமும் நிற்கப்போகின்றவருக்கு ஒரு பை வேண்டாமா? அதில் இருக்கவேண்டியவை அதிகமில்லை. துவைத்த மாற்றுடை இரண்டு, துண்டு, போர்வை, இரப்பர்ச் செருப்பு, சோப்பு, பல்துலக்கி, அவர் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகள் மூன்று நாளைக்கு, அவர் உடல்நிலைக்கு ஏற்ற உணவு, பிளாஸ்க்கில் வெந்நீர், தண்ணீர்ப் பாத்திரம், தொழுகைத் துணி, கைப்பேசிக்கு உரிய மின்னேற்றி, சில்லறை நோட்டுகள். இவற்றோடு கர்ப்பகாலப் பரிசோதனை அட்டை, இரத்த வகை, இரத்தம் கொடுக்க இசைந்தவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு மேலாக வைத்துவிட வேண்டும். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பை ஆயத்தமாக இருத்தல் நலம்.

“பிள்ளை பிறக்குமுன் பை கட்டலாகாது, அது ஆகாது” என்று முதியவர் சிலர் தடுப்பதுண்டு. சகுனம் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை. “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று கைகட்டி இருப்பவர்களும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். பையைக் கட்டிவைப்பதும் அத்தகையதே.

இனி, அந்தப் பையைக் கட்டவேண்டியவர் யார்? கணவரே என்பது என் துணிபு. “இது பெண்கள் பாடு; ஆண்களுக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கும் சகோதரர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் பத்ருப் போர் மூண்டது. இஸ்லாத்தின் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானித்த போர் அது. அவ்வேளையில் உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நபிகளாரின் மகளாருமான ருகையா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். மனைவியின் அருகிலிருந்து பணிவிடை செய்யுமாறு அண்ணலார் அவரைப் பணித்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். போர்க்களத்தில் ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நேரத்தில் ஒரு கணவர் மனைவியின் படுக்கையருகே நிறுத்தப்பட்டார் என்றால், கடையையும் அலுவலகத்தையும் காரணம் காட்டி நாம் விலகி நிற்பது எங்ஙனம் பொருந்தும்?

பொது அறையில் பிற பெண்கள் இருக்கையில் ஆண்கள் உள்ளே செல்ல இயலாது என்பது உண்மையே. உள்ளே உம்மாவோ மாமியோ நிற்கட்டும். ஆனால், அவர்கள் நிற்பதற்கான வலிமையைத் தேடிக் கொடுப்பது வெளியே நிற்பவரின் கடமை. பையைத் தம் கையாலேயே கட்டியவருக்கு மாமியாரின் மாத்திரை எது, மனைவியின் இரத்த வகை எது என்பது மனப்பாடமாகிவிடும். நள்ளிரவில் செவிலியர் கேட்கும்போது அவர் விழிக்கமாட்டார். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் கணவர்கள் அங்கிருந்தே பட்டியலைச் சொல்லி, சகோதரரிடமோ தந்தையாரிடமோ பொறுப்பை ஒப்படைக்கலாம்.

அன்னை மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில் வலியால் தவித்தபோது உதவிக்கு மனிதர் ஒருவரும் இல்லை. இறைவன் அவர்களுக்கு அளித்தவற்றைத் திருமறை எடுத்துரைக்கிறது: கவலை நீக்கும் சொல், அருகே ஓடும் நீர், கனிந்த பேரீச்சம்பழம். ஆறுதல், தண்ணீர், உணவு ஆகிய இம்மூன்றையும் நம் பெண்களுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இன்று நம் கைகளில் இருக்கிறது. ஒரு சிறு பையில் அடங்கிவிடும் அப்பொறுப்பைச் சுமையென்று கருதாதிருப்போமாக!

பேறுகாலத்தை எதிர்நோக்கும் தாய்மார் அனைவருக்கும் வல்ல நாயன் எளிதான பேற்றையும் நல்ல துணையையும் அருள்வானாக! ஆமீன்.