கரைவெட்டி ஏரிக்கு நீர்ப்பங்கு எங்கே?



அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தில் ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர் கரைவெட்டி. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமானது; 2024 ஜனவரி இறுதியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும், கூழைக்கடாவும், ஊசிவால் வாத்தும் இங்கே தங்குகின்றன. எங்கள் ஊர் கல்லங்குறிச்சிக் கோயிலில் கலியுக வரதராசப் பெருமாளை எந்த மாதமும் சேவிக்கலாம். ஆனால் பறவைகளைப் பார்க்கக் கரைவெட்டிக்குப் போகிறவர், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும்.

மழையை மட்டும் நம்பிய ஏரியல்ல இது. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து சேரவேண்டும். வழக்கமான முறைப்படி அந்த வாய்க்கால் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் ஓடும். இது நெல்லுக்குப் போட்ட கணக்கு. வலசைப் பறவைகளோ குளிர்காலம் முழுவதும் தங்குபவை. வாய்க்கால் அடைத்தபின் ஏரியில் நிற்கும் நீரே அவற்றுக்கு மிச்சம். அதே நீர்தான் மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்கும் பாய்கிறது. இதில் உழவர்மேல் பழி போட ஒன்றுமில்லை. ஏரி அவர்களுடைய பாசனத்துக்கானது.

குறை அரசின் நீர்க்கணக்கில் இருக்கிறது. போதிய நீர் இல்லாததால் மேட்டூர் அணை 2023 அக்டோபர் 10-இல் பாசனத்துக்கு மூடப்பட்டது. நான்கு மாதம் ஆவதற்குள் ராம்சர் அறிவிப்பு வந்தது. வாழ்த்துச் செய்திகளுக்கு அன்று பஞ்சமில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேச்சில்லை. மதகு நீர்வளத்துறையின் கையில், பறவைகள் வனத்துறையின் பொறுப்பில். இரண்டுக்கும் நடுவில் வற்றுகிற ஏரிக்கு யார் பதில் சொல்வது?

சுற்றுலாவுக்காகச் செலவிடும் முன் அரசு செய்யவேண்டியது வேறு. மார்ச் இறுதிவரை ஏரியில் இருக்கவேண்டிய குறைந்தபட்ச நீர்மட்டத்தை அரசாணையில் குறிக்கவேண்டும். வாய்க்கால் திறக்கும் ஆண்டுகளில் பாசன ஏக்கரோடு ஏரியின் பங்கும் தனியாக எழுதப்படவேண்டும். வறட்சி ஆண்டில் அந்த மட்டத்தைக் காக்க மதகை அடைத்தால், பயிர் இழக்கும் ஆயக்கட்டு விவசாயிக்கு அந்தப் பருவத்திலேயே இழப்பீடு தரவேண்டும். வாரந்தோறும் நீர்மட்ட அளவை மாவட்ட நிர்வாகம் வெளியிட்டால், வெளியூரிலிருந்து வருகிறவர் காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பமாட்டார்.

வாசகர் ஒருவர்,
கல்லங்குறிச்சி, அரியலூர் மாவட்டம்.