நீல லைட்டுக்குக் காசு குடுக்க வேண்டாம்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் "எயார் பியூரிபையர்" என்று சொல்லி எங்களுக்குக் காட்டப்பட்ட உள்ளங்கைப் பெட்டிகளில் ஒன்றுகூட எயார் பியூரிபையர் இல்லை. இதை மெதுவாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஆஸ்துமா இருக்கிற ஒரு பிள்ளையிடம் ஒரு குட்டி விசிறியையும் ஒரு நீல லைட்டையும் மூவாயிரம் சொச்சத்துக்கு விற்பது ஏமாற்று. அதையே "சின்ன ரூமுக்குப் பெஸ்ட், பூனை வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லி வேலையில்ல" என்று வீடியோ போட்டுப் பரப்புகிற எங்கள் வயதுக்காரருக்கும் அந்த ஏமாற்றில் பங்கு இருக்கிறது.

ஒரு பெட்டிக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போர்டிங்கில் இருக்கிற எங்களுக்கு அறை என்றால் பத்துக்குப் பத்து. ஜன்னல் ஒன்று. திறந்தால் வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் புகை, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போகிற கொண்டெய்னர் லொறிப் புகை. மூடினால் வேர்வை. அதற்குள் ஒரு பூனை. பெரும்பாலும் மழைக்குள் கிடந்து எடுத்த குட்டிதான். வீட்டுக்கார அன்ரிக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறா. எங்களில் இரண்டு பேர் தலையணைக்குப் பக்கத்தில் இன்ஹேலர் வைத்துக்கொண்டுதான் படுப்பது. ஊரில் இருந்து போன் எடுக்கிற அம்மா முதல் டொக்டர் வரைக்கும் அவர்களுக்குச் சொல்வது ஒரே வசனம்: "பூனையக் கொண்டுபோய் விடு." பூனையா மூச்சா என்று நிற்கிறவர்களிடம்தான் இந்தப் பெட்டி விலைப்படுகிறது.

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினது ஞாபகம் இருக்கும். மண்டூஸ் புயல் நேரம், இந்தியப் பக்கம் இருந்து வந்த அழுக்குக் காற்று எங்கள் மேலே நின்றது. பிஎம் 2.5 என்ற சொல்லை எங்களில் பலர் முதன்முதல் கேட்டது அந்தக் கிழமைதான். 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள். மூக்கு மறிக்காது, நுரையீரலின் அடி வரைக்கும் போகும். ஒரு நாள் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. எங்கள் நாட்டின் 2008 வர்த்தமானி 50 வரைக்கும் போகலாம் என்கிறது. கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தின் மானியைப் பார்த்தாவது ஜன்னலை மூடுவோம் என்றிருந்தோம். 2025 மார்ச்சில் தங்கள் தூதரகங்களின் அளவீடுகளைப் பகிர்வதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. வெளியே என்ன காற்று என்று தெரியாதவனுக்கு உள்ளே எதையும் விற்கலாம்.

இந்த மெஷினில் மந்திரம் எதுவும் இல்லை. விசிறி காற்றை இழுக்கும், வடிகட்டி துகளைப் பிடிக்கும், அவ்வளவுதான். 2020இல் கொரோனா நேரம் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இரண்டு பேர் ஒரு சதுர விசிறியையும் நாலைந்து வடிகட்டியையும் டேப்பால் ஒட்டி ஒரு பெட்டி செய்தார்கள். பார்க்க அசிங்கம். வகுப்பறைகளில் வேலை செய்தது. ஆகவே கேட்க வேண்டியது: எவ்வளவு காற்றை இழுக்குது, என்ன வடிகட்டி?

முதல் கேள்விக்குப் பதில் சிஏடிஆர் என்ற எண். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை கன மீற்றர் சுத்தமான காற்றை மெஷின் தருகிறது என்பது. பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 23 கன மீற்றர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து தரமாவது வடிகட்டிக்குள்ளால் போக வேண்டும் என்றால் 110, 115 தேவை. கூரை உயரம் என்றால் இன்னும் கூட. உள்ளங்கைப் பெட்டியில் இந்த எண்ணே இருக்காது. சரி, 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்: அறைக் காற்று முழுவதும் ஒரு தரம் உள்ளே போய் வரவே இரண்டேகால் மணித்தியாலம். அதற்குள் பூனை நாலு தரம் உடம்பை உதறிவிடும். "சின்னதுதானே, கொஞ்சமாவது செய்யும்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வடிகட்டி விசயத்தில் பெட்டியை வடிவாக வாசிக்க வேணும். ஹெப்பா என்றால் அமெரிக்க அளவில் 0.3 மைக்ரோமீற்றர் துகளில் 99.97 வீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய அளவில் எச் 13 என்று போட்டிருந்தால் 99.95. "ஹெப்பா டைப்" என்று போட்டிருந்தால் ஹெப்பா இல்லை என்று அர்த்தம். "பசுப்பால் மாதிரி" என்று எழுதின போத்தலில் இருந்து தேத்தண்ணி போடுவீங்களா?

நீல லைட் பெட்டிகளில் பல "அயன்" விடுகிறவை. கடையில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் ஊதுபத்திப் புகையை விட்டு, சுவிட்சைப் போட்டு, புகை மறைவதைக் காட்டினார்கள். குவளைக்குள் மறையும்தான். மின்னேற்றம் பட்ட துகள் பக்கத்துக் கண்ணாடியில் போய் ஒட்டும். பத்தடி அறையில் அது ஒட்டுவதற்கு முன்னமே நாங்கள் இழுத்து முடித்திருப்போம். இவற்றில் சில ஓசோனும் விடும். ஆஸ்துமாக்காரருக்கு அது விசம் மாதிரி. 0.050 பிபிஎம்முக்கு மேல் ஓசோன் விடுகிற வீட்டுச் சுத்திகரிப்பிகளை விற்கக்கூடாது என்று கலிபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. நாங்கள் போன கடைகளில் அதைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல வாசம் வரும்" என்று பதில் வந்தது.

"நானா, இதுக்கு பில்டர் தனியா எடுக்கலாமா?" என்றும் கேட்டோம்.

"தனிய வராது தம்பி. முடிஞ்சா புதுசு ஒண்டு எடுங்க."

அன்றைக்கு முழுக்க நாங்கள் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

இனிப் பூனை. ஒவ்வாமை வருவது முடியால் இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற பெல் டி 1 என்ற புரதத்தால். பூனை நக்குகிறது, காய்கிறது, தூளாகிறது, மணிக்கணக்காகக் காற்றில் நிற்கிறது. மெத்தையிலும் சேட்டிலும் ஒட்டுகிறது. பூனையை அனுப்பினாலும் வீட்டில் அது குறைய நாலைந்து மாதம் எடுக்கும். "கொண்டுபோய் விடு" என்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மறுபக்கம், நல்ல ஹெப்பா மெஷினை விற்கிறவர்களும் ஒன்றைச் சொல்வதில்லை. பூனை ஒவ்வாமைக்காரரின் வீடுகளில் வைத்துச் சோதித்த, 1998இல் வெளியான ஓர் ஆய்வில் காற்றில் இருந்த புரதம் குறைந்தது. ஆனால் அவர்களின் வருத்தத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. மெத்தையில் இருக்கிறதை மெஷின் இழுக்காது. பூனையைக் கட்டிலில் ஏற விடாமல் இருப்பதும், விரிப்பைக் கிழமைக்கொரு தரம் சுடுதண்ணியில் போடுவதும் மெஷினுக்கு முதல் வரவேண்டிய வேலை. மூத்திர மணத்துக்கும் அதே கதைதான். பெட்டியில் "கார்பன்" என்று போட்டிருந்தாலும் அமோனியாவைக் கார்பன் லேசில் பிடிக்காது. மண் தட்டைத் துப்புரவாக்குங்கள்.

நுளம்புச் சுருளையும் விட முடியாது. ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு பிஎம் 2.5 வரும் என்று 2003இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. டெங்குப் பயத்தில் பகலிலும் கொளுத்துகிறோம், பிறகு பூனையில் பழி போடுகிறோம். வலை கட்டினால் காசும் மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகும் வாங்கத்தான் வேணும் என்றால் (இன்ஹேலர்காரருக்கு நாங்களும் வாங்கு என்றுதான் சொல்வோம்) நாலு பேர் சேர்ந்து காசு போட்டு உண்மையான ஒன்றை வாங்குங்கள். சிஏடிஆர் 110க்குக் குறைந்தால் வேண்டாம். அந்த எண் உச்ச வேகத்துக்கு. இரவில் சத்தம் பொறுக்காமல் குறைப்பீர்கள், ஆகவே 150, 200 என்றால் நல்லம். மாற்று வடிகட்டி கொழும்பில் இருக்கா, என்ன விலை என்பதை மெஷினின் விலைக்கு முதல் கேளுங்கள். பூனை முடி முன் வலையை அடைக்கும், அதைக் கழற்றித் தட்டக்கூடியதாக இருக்க வேணும். 30 வோட் மெஷின் இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 9 யூனிட். கரண்ட் பில்லை வைத்து வீட்டுக்கார அன்ரி சண்டைக்கு வந்தால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஜன்னல் திறந்திருந்தால் அந்த எண்கள் எதுவும் செல்லாது. இந்த மெஷின்கள் ஏசி போட்டு மூடின அறைகளுக்குச் செய்தவை, எங்கள் அறைகளுக்கு இல்லை. காலி வீதி நெரியும் பின்னேரத்தில் மூடி மெஷினைப் போட்டு, இரவு பஸ் குறைந்த பிறகு கொஞ்சம் திறந்து விடுவதுதான் எங்களால் ஏலுமான வழி. மெஷின் புதுக் காற்றைக் கொண்டுவராது, இருக்கிறதைத்தான் வடிக்கும். ஜன்னலே இல்லாத பலகைத் தடுப்பை "தனி அறை" என்று வாடகைக்கு விடுகிறவர்கள் "ஒரு பியூரிபையர் வையுங்கோ" என்று சொன்னால், வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே நீல லைட்டுக்குக் காசு குடுத்தவர்கள் பெட்டியை எறிய வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி பொய் சொல்லிப் பொருள் விற்பது குற்றம். கேட்டால் ரசீது தரவும் வேண்டும். முறைப்பாட்டு இலக்கம் 1977. பெட்டியில் எழுதியிருப்பதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு எடுங்கள்.