நடுவில் நிற்பவரின் பணி

விளம்பரத் துறை என்றதும் சொல்லைச் செதுக்கும் எழுத்தாளரும் படம் தீட்டும் ஓவியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். மூன்றாமவர் ஒருவரும் உண்டு. பொருளை ஆக்கும் நிறுவனத்திற்கும் விளம்பரத்தை உருவாக்கும் முகமைக்கும் இடையே நிற்பவர் அவர். 'அக்கவுண்ட் எக்ஸிகியூட்டிவ்' என்பது அவரது பதவிப் பெயர். இங்கு 'அக்கவுண்ட்' என்பது வரவுசெலவுக் கணக்கன்று. விளம்பரம் வேண்டி வரும் வாடிக்கையாளரையே அத்துறையினர் அவ்வாறு அழைக்கின்றனர். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் பயிலும் மாணவர் துணிந்து தேர்ந்தெடுக்கத்தக்க தொழில் இது என்பது என் கருத்து.

ஆங்கிலம் சரளமாகப் பேசும் பெருநகரத்தார்க்கே இது பொருந்தும் என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை உண்டு. மும்பையிலும் சென்னையிலும் நடைபெறும் கூட்டங்களுக்கு ஆங்கிலம் வேண்டும், கற்றே ஆகவேண்டும். ஆயினும் மொழியைச் சில ஆண்டுகளில் பழகிக்கொள்ளலாம். மக்களை அறியும் அறிவு அவ்வளவு விரைவில் வாய்ப்பதில்லை. முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடப்போர் எங்கே தளர்ந்து அமர்கின்றனர், கையிலுள்ள சிறுதொகையை எதற்குச் செலவிடுகின்றனர், எதை விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கின்றனர் என்பவற்றைக் கண்டு வளர்ந்தவர்க்குச் சந்தை வெறும் புள்ளிவிவரம் அன்று. 1948-இல் நியூயார்க்கில் முகமை தொடங்கிய டேவிட் ஓகில்வி, அதற்கு முன் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று அடுப்பு விற்றவர். நம் ஊரிலும், ஆர்.கே. சுவாமி 1973-இல் நிறுவிய முகமை சென்னையில் வேரூன்றி நாடெங்கும் கிளைத்தது.

பணியின் இயல்பு யாது? ஆரணியில் பட்டு நெய்வோர் சங்கம் ஒன்று விளம்பரம் வேண்டி வருவதாகக் கொள்வோம். 'எங்கள் புடவை தரமானது என்று எழுதுங்கள்' என்பர். அதை அப்படியே எழுத்தாளரிடம் ஒப்பிப்பவர் செய்தி சுமப்பவரே. நல்ல அலுவலர் வினவுவார்: வாங்குபவர் மணப்பெண்ணா, அவருடைய தாயா? விலை கருதி விலகுகின்றனரா, பெயரே அறியாமல் விலகுகின்றனரா? ஒரு பகல் முழுவதும் தறியருகே அமர்ந்து கவனிப்பார். பின்னர் அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடக்கிப் பணிக்குறிப்பு எழுதுவார். அப்பக்கம் தெளிவாக இல்லையேல் எழுத்தாளரின் புலமையும் ஓவியரின் திறமும் வீணாகும். நீங்கள் சலிப்போடு எழுதும் சுருக்கி வரைதல் பயிற்சிக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் முடிவானவற்றை எழுதி இருதரப்புக்கும் அனுப்புவது, செலவு மதிப்பீட்டுக்கு எழுத்துவழி ஒப்புதல் பெறுவது ஆகியனவும் புதியவரின் கடமைகளே.

இவற்றினும் கடினமானது மறுத்துரைத்தல். செயற்கை இழை கலந்த புடவையைத் 'தூய பட்டு' என்று விளம்பரம் செய்யுமாறு வாடிக்கையாளர் கேட்கிறார். முகமைக்குப் பணம் தருபவர் அவரே. மறுத்தால் வேறிடம் நாடுவார். இணங்கினால், ஆண்டுக்கணக்கில் சேமித்து மகளின் திருமணத்திற்குப் புடவை எடுக்கும் தாய் ஏமாற்றப்படுவார். தவறான விளம்பரத்திற்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள் முகமைகளுக்கும் பொருந்தும். ஆனால் தண்டனை வருவது விளம்பரம் வெளியான பின்பே. வெளியாகும்முன் தடுக்கக்கூடிய இடத்தில் அமர்ந்திருப்பவர் இந்த இளம் அலுவலர்.

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களைப் புகழ்வதுபோலவே அவனது போர்ப் பழக்கமின்மையை உணர்த்தியதைப் புறநானூறு காட்டுகிறது. அத்தகைய நயம் இங்கும் வேண்டும். 'பொய்யுரைக்க மாட்டேன்' என்று எழுந்து வந்துவிடுவது எளிது. அதனால் புடவையும் விற்காது, வாடிக்கையாளரும் மாறார். கலப்பு இழைப் புடவையின் குறைந்த விலையையும் அன்றாடம் உடுத்தும் எளிமையையும் முன்னிறுத்தலாம். தூய பட்டுக்கு மட்டும் 'சில்க் மார்க்' முத்திரையைக் காட்டலாம் என்று மாற்றுவழி சொல்பவர்க்கே செவி கிடைக்கும்.

எல்லா வேளையிலும் இது பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. சில வாடிக்கையாளர் விலகவே செய்வர். அன்று மேலாளர் தம் இளம் அலுவலரின் பக்கம் நிற்பாரா என்பது முகமைக்கு முகமை வேறுபடும். ஆதலால் நேர்காணலுக்குச் செல்பவர் ஊதியத்தைக் கேட்டறிவதோடு, இதுவரை எந்தெந்த விளம்பரங்களை அம்முகமை ஏற்க மறுத்தது என்றும் கேட்கலாம்.