நாற்பத்தைந்தாம் இடம்

2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் பெய்ஜிங் நகரையடுத்த யான்சிங் மலைச்சரிவில் நிகழ்ந்த ஒலிம்பிக் பனிச்சறுக்குப் பந்தயத்தில் நம் நாட்டினர் ஒருவர் 45ஆம் இடம் பெற்றார் என்னும் செய்தி வந்தது. கூடுவாஞ்சேரியில் நம்மோடு அமர்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அன்பரொருவர், “நாற்பத்தைந்தாவதா!” என்று நகைத்தார். மற்றொருவர் வெகுண்டெழுந்து, அவரே நாட்டின் ஒப்பற்ற வீரரென்று கால்மணி நேரம் முழங்கினார். இருவர் கூற்றும் நமக்கு உவப்பளிக்கவில்லை. அம்மனிதர் அன்று செய்ததுதான் யாது என்று வினவியறிய நகைத்தவரும் விரும்பவில்லை, புகழ்ந்தவரும் விரும்பவில்லை. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது கூறத் துணிகின்றோம்.

அவர் பெயர் முகமது ஆரிப் கான். காசுமீரத்துத் தங்மார்க் என்னும் ஊரினர். நமக்குப் பனி என்றால் மார்கழி வைகறையில் நந்திவரம் ஏரிக்கரைப் புல்லின்மேல் நின்று, வெயிலேறுமுன் மறைவது. தங்மார்க்குக்கு மேலே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கிலோ அது குவிந்து மாதக்கணக்கிற் கிடப்பது. அங்கே அவருடைய தந்தையார் சறுக்குக் கருவிகள் வைத்திருக்கும் கடையொன்று நடத்திவந்தார். நான்காம் வயதில் மகனைச் சறுக்குக்கட்டைகளின்மேல் நிறுத்தியவரும் அவரே. பிள்ளைக்குக் கிடைத்த முதற் கலாசாலை தந்தையின் கடையே என்னலாம்.

இனிப் பந்தயத்தின் இயல்பைக் காண்போம். அன்று நடந்தது ஜயன்ட் ஸ்லாலம் எனப்படும் வகை. செங்குத்தான சரிவிலே இடமும் வலமுமாகக் கம்பங்கள் நட்டு வாயில்கள் அமைத்திருப்பர். வீரர் ஒவ்வொரு வாயிலினூடும் வளைந்து வளைந்து பாய்ந்திறங்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஆட்டத்தினின்றும் நீக்கம். ஒருமுறை இறங்கினாற் போதாது; வாயில்களை மாற்றியமைத்து மறுமுறையும் இறங்கச் செய்வர். இரு முறைக்குமான காலத்தைக் கூட்டியே இடம் வகுப்பர். இதில் நாம் கருதத்தக்க நுட்பமொன்றுண்டு. தரவரிசையில் மேலுள்ளோர் முதலில் இறங்குவர்; கீழுள்ளோர் பின்னர். முன்சென்றோருடைய கட்டைகள் கிழித்த பள்ளங்களே பின்வருவோர்க்கு வழியாகின்றன. உள்ளவனுக்கு மழமழப்பான பாதை, இல்லாதவனுக்குக் குண்டும் குழியும்! உலகியலில் நாம் காண்பதும் பெரும்பாலும் இதுவேயன்றோ?

அன்று பனி ஓயாது பெய்தது. எதிரே நிற்கும் வாயிலும் தெளிவாய்ப் புலப்படவில்லை. இறங்கியோர் 80-க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு ஓட்டங்களையும் முடிக்கவில்லை. ஆரிப் கான் இரண்டையும் முடித்தார். அவர்க்கு ஆன காலம் 2 நிமிடம் 47.24 நொடி. பொற்பதக்கம் பெற்ற சுவிட்சர்லாந்து நாட்டு மார்க்கோ ஒடர்மாட்டுக்கு ஆனது 2 நிமிடம் 9.35 நொடி. இடைவெளி பெரிது, அதனை மறைப்பது நேர்மையன்று. முடித்தோர் வரிசையில் நம்மவர் கடைசிக்கு அணித்தாகவே நின்றார். மூன்று நாள் கழித்து நடந்த ஸ்லாலம் பந்தயத்தில் முதல் ஓட்டத்தையே அவர் முடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

ஆயின் அவ்விடைவெளியை நாம் எதனால் அளப்பது? ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறப் புள்ளிகள் வேண்டும். புள்ளி பெறப் பன்னாட்டுப் பந்தயங்கள் வேண்டும். அவற்றின் பொருட்டுக் குளிர்காலந்தோறும் கடல்கடந்து செல்லுதல் வேண்டும். பயிற்சியாளர், கருவி, உணவு, உறையுள் யாவற்றுக்கும் பணம் வேண்டும். 2005இல் ஜப்பானுக்குச் சென்றது அவர் கண்ட முதல் வெளிநாட்டுப் பந்தயம். 2011இல் உத்தராகண்டத்தில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்களில் இரண்டு தங்கம் வென்றார். இத்துணைத் தகுதியிருந்தும் 2018ஆம் ஆண்டுத் தென்கொரிய ஒலிம்பிக்கிற்கு அவர் செல்லவில்லை. தகுதிப் பந்தயங்களுக்குப் போகப் பொருள் போதவில்லை. பொதுமக்களிடம் நிதி வேண்டியும் நிரம்பவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு பந்தய வகைகளுக்கும் தகுதி பெற்றபின்னரே, 2022 சனவரியில், மத்திய சர்க்கார் 17.46 இலட்சம் ரூபாய் வழங்க இசைந்தது. உதவியைக் குறை கூறோம். ஆயினும் பழம் கனிந்தபின் மரத்துக்கு நீர் வார்ப்பதை வேளாண்மை என்று எவரும் சொல்லார்.

அத்தொடக்க விழாவில் கொடியேந்திச் சென்ற ஒரே இந்தியர் அவர். போட்டியிட்ட ஒரே இந்தியரும் அவரே. அரசியற் காரணத்தால் நம் தூதர் விழாவிற்குச் செல்லவில்லை. தூர்தர்ஷனும் அதனை ஒளிபரப்பவில்லை. அதன் நியாயம் வேறு. ஒருவரே சென்றார், அவரையும் நாட்டின் தொலைக்காட்சியிற் காணவில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கின்றோம்.

இவர்க்கு முன்னும் பலர் சென்றதுண்டு. 1988இல் கனடா நாட்டுக் கால்கரியில் ஸ்லாலம் ஆடிய சைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கிற் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண்மணி. முடித்தோர் 28 பேர். அவர் 28ஆவதாக வந்தார். கடைசிதான். ஆனால் முடித்தோர் பட்டியலில் அவர் பெயர் உள்ளது.

வெப்பம் மிக்க நம் ஜில்லாவினர்க்கு இக்கதையால் யாது பயன் என்று கேட்பாருளர். ஆரிப் கான் ஸ்லாலம் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற இடம் யாது தெரியுமோ? துபாய்! பாலைவன நகரில், கூரையின்கீழ்ச் செயற்கையாய்ச் சமைத்த பனியில்! அன்றியும், சறுக்கும் கலை நமக்கு அத்துணை அயலானதுமன்று. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குடிப்பிள்ளைகள் பலகையேறி அலைமேற் சறுக்குகின்றனர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் என்னும் இந்தியர் வெண்கலம் வென்றார். குல்மார்க்குச் சிறுவனுக்குத் தந்தையின் கடை எப்படியோ, அப்படியே இப்பிள்ளைகளுக்குத் தந்தையின் கடல். அவர்களும் கனிந்தபின் நீர் பெறுவார்களோ, முன்னரே பெறுவார்களோ என்பது நம் கண்முன் நிற்கும் வினா.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தில் ஓட்டக்களத்தையும் அதிற் பரிசு பெறும் ஒருவனையும் உவமையாக்கினார். தம் முடிவு நெருங்கியபோது தீமோத்தேயுவுக்கு எழுதுகையிலோ, ஓட்டத்தை முடித்ததையே பேசினார்; எத்தனையாவதாக வந்தேன் என்று அவர் கணக்கெழுதவில்லை. ஞாயிறுதோறும் இவற்றைக் கேட்கும் நாம், திங்கட்கிழமை பத்திரிகையில் முதல் மூன்று பெயர்களோடு நின்றுவிடுகின்றோம்.

நம் கல்லூரி விளையாட்டு விழாவின் முடிவுகளும் இம்மலரில் அவ்வாறே அச்சாகி வருகின்றன. நெடுந்தூர ஓட்டத்தில் வெயிலிற் கடைசியாக ஓடிவந்து கோட்டைத் தொட்ட மாணாக்கர் யாவர் என்பதை எந்த ஆண்டு மலரிலும் நாம் காணவில்லை. வருமாண்டு முதல், ஓட்டத்தை முடித்தோர் அனைவர் பெயரையும் அவரவர்க்கு ஆன காலத்தோடு வெளியிட வேண்டுமென்று மலராசிரியரவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். ஒரு பக்கம் கூடுதலாகும். இடம் போதாதெனின் இக்கட்டுரையைக் குறைத்துக்கொள்ளலாம், நமக்கு ஆட்சேபமில்லை.