காயும் பழமும்

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் பழமொழி. எல்லை மீறிய கேலியையும் கவனமற்ற ஆட்டத்தையும் எச்சரிக்கப் பிறந்த அச்சொல்லை, இன்று நாம் மூன்று வயது மழலையின்மேல் ஏவிக்கொண்டிருக்கிறோம்.

கோவையில் ஒரு பள்ளியின் மழலையர் வகுப்புச் சேர்க்கைக்காகப் பேரனுடன் காத்திருந்தேன். நேர்காணல் அறையிலிருந்து வெளியே வந்த சிறுமி ஒருத்தியை அவள் தாய் வாரியணைக்கவில்லை. "என்ன கண்ணு கேட்டாங்க? செரியாச் சொன்னியா?" என்றுதான் வினவினார். ஒரு வண்ணத்தின் பெயரை அவள் மாற்றிச் சொல்லிவிட்டாளாம். தாயின் முகம் வாடியதைக் கண்டு, ஏனென்று அறியாமலே அக்குழந்தை அழத் தொடங்கியது. அதுவரை தன் காலணியை வண்டியாக ஓட்டிக்கொண்டிருந்த என் பேரனும் நிறுத்திவிட்டான். அங்கிருந்தோரில் பாதிப் பேர் ஞாயிறு திருப்பலியில் நான் காணும் முகங்கள். நானும் அவ்வரிசையில்தான் நின்றேன். ஆகவே பிறரை மட்டும் சாடுவதற்கு எனக்கு உரிமையில்லை.

எங்கள் தலைமுறை எந்த நேர்காணலுக்கும் போனதில்லை. அம்மிச்சி வீட்டு வாசலிலும் அறுவடை முடிந்த களத்திலும் ஆடி வளர்ந்தோம். அங்கே ஆசிரியர் இல்லை, பாடம் இருந்தது. சண்டை வந்தால் விரலை நீட்டிக் "காய்" விட்டோம். காய் விட்டவன் ஆட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும். அந்தத் தனிமை அரை நாழிகையில் சினத்தை உருக்கிவிடும். பொழுது சாய்வதற்குள் ஒருவன் இறங்கி வந்து "பழம்" விடுவான். சினத்துக்கு ஒரு பெயர், அதற்கோர் எல்லை, மீண்டும் சேர ஒரு வழி ஆகிய மூன்றையும் ஐந்து வயதில் கற்றோம். பின்னாளில் மறைக்கல்வியில் ஒப்புரவு அருளடையாளத்தைப் படித்தபோது அது எங்களுக்கு அயலாகத் தோன்றவில்லை.

ஓட முடியாத சின்னஞ்சிறு தம்பியை "ஒப்புக்குச் சப்பாணி"யாகச் சேர்த்துக்கொண்டோம். அவன் பிடிபட்டாலும் தோற்றவனாக மாட்டான். பெயர் கரடுமுரடானதுதான்; ஆயினும் வலுவற்றவனை வெளியே நிறுத்தாதே என்னும் அறம் அதில் இருந்தது. பல்லாங்குழியில் தோற்றவர், எஞ்சிய புளியங்கொட்டைகளால் நிரம்பும் குழிகளை மட்டும் நிரப்பி, மற்றவற்றை வெறுமையாகவே விட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். இழப்பைக் கண்முன் வைத்துக்கொண்டே மேலும் ஆடும் துணிவை இதைவிட எளிதாகக் கற்பிப்பவர் யார்?

பள்ளியில் அதட்டல் வாங்கிய சிறுமி, மாலையில் வீட்டுத் தூணை மாணவனாக்கி, குச்சியை ஓங்கித் தானே ஆசிரியையாகிறாள். நாமோ சிரிக்கிறோம், அல்லது நாமும் அதட்டுகிறோம். அவள் தன் அச்சத்தை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அறிவதில்லை. அருகமர்ந்து, "தூணுக்கு வலிக்குமா சாமி?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும். பிறர் நோவை உணரும் முதற்பாடம் அங்கே தொடங்கிவிடும்.

தன் உணர்வை அறிதல், அதை ஆளுதல், பிறர் உணர்வை உணர்தல் ஆகிய இத்திறன்களுக்கு 1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் உளவியலார் "மனவெழுச்சி நுண்ணறிவு" என்ற பெயரில் இலக்கணம் வகுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. பெயர் புதிது, பொருள் நம் வாசலிலேயே கிடந்தது. வாசலைப் பூட்டிவிட்டு, அதே பொருளைக் கற்பிக்கக் கட்டணம் கட்டிக் கோடை வகுப்புத் தேடுகிறோம்!

நம் ஆண்டவர் குழந்தைகளின் ஆட்டத்தைக் கூர்ந்து கண்டவர். மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், சந்தைவெளியில் மணவீடும் இழவுவீடும் வைத்து விளையாட அழைக்கும் சிறுவரை அவர் காட்டுகிறார். கூத்துக்கும் வராமல், ஒப்பாரிக்கும் இணங்காமல் நிற்கும் தோழர்மீது அவர்களுக்குக் குறை. எதற்கும் நெஞ்சசையாத அத்தகைய தலைமுறையைத்தான் ஆண்டவர் கடிந்துகொண்டார். அதே தலைமுறையை நாம் மழலையர் வகுப்பிலேயே வார்த்தெடுத்தால் அவர் முன் என்ன விடை சொல்வோம்?

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு எதையும் அது தடை செய்கிறது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் அதே மன்றத்தின் அமர்வு ஒன்று அத்தீர்ப்பை ஐயுற்றது. வழக்கு எப்படியும் முடியட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கே ஆகாது என்று அரசு விலக்கியதை மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் செய்வதற்குச் சிறுபான்மை உரிமை ஒரு கேடயமா? உரிமை நமக்குத் தரப்பட்டது நம் விழுமியங்களைக் காக்கவே.

"பிள்ளை பின்தங்கிவிடுமே" என்பார்கள். எழுத்து ஆறு வயதிலும் வரும். பிழையானால் தாளைக் கிழித்தெறியாமல் மீண்டும் எழுதும் பொறுமை அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

"இருவரும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகிறோம், விளையாட்டைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?" என்பார்கள். இது உண்மையான துயரம். சோமனூரில் தறியை விட்டு நகர முடியாத தாயை நான் குறைகூற மாட்டேன். அதனால்தான் பங்குச் சமூகத்தைக் கேட்கிறேன். மாலையில் பூட்டிக் கிடக்கும் ஆலய வளாகங்களைத் திறந்துவிடுவோம். கொஞ்சம் மணல், களிமண், ஒரு கயிறு, முறைவைத்து அமர இரண்டு முதியவர்கள் போதும். பயிற்றுநர் வேண்டாம், பரிசளிப்பு விழாவும் வேண்டாம். நம் பள்ளிகளில் மழலையர்க்கு நேர்காணலும் வீட்டுப்பாடமும் கூடாதென்று பெற்றோராகிய நாமே எழுதிக் கேட்போம். வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு, குழந்தை சொல்லும் ஆட்டத்தை அதன் விருப்பப்படியே ஆடுவோம்.

மீட்படைந்த எருசலேமை இறைவாக்கினர் செக்கரியா எட்டாம் அதிகாரத்தில் கண்டார். கோலூன்றிய முதியோர் தெருக்களில் அமர்ந்திருந்தனர். அத்தெருக்கள் விளையாடும் சிறுவர் சிறுமியரால் நிறைந்திருந்தன. மீட்பின் அடையாளம் அதுவென்றால், நம் ஊர் இன்னும் மீட்படையவில்லை. கோலை எடுத்துக்கொண்டு வந்து அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வளாகக் கதவைத் திறப்பவர் யார்?