'ஹேக்கர்' என்றாலே திருடனா? ஓட்டையைச் சொல்ல வருபவர்களுக்கு ஒரு வழி வேண்டும்!

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ யாருடைய வாட்ஸ்அப் கணக்காவது பறிபோனால், முதலில் காதில் விழுவது "ஹேக் பண்ணிட்டாங்க" என்பதுதான். பல நேரங்களில் அங்கே ஹேக்கிங் எதுவும் நடந்திருக்காது. யாரோ போன் போட்டு, பதற வைத்து, ஓடிபி-யை வாங்கியிருப்பார்கள். அதற்கு கம்ப்யூட்டர் அறிவே வேண்டாம். வாய் இருந்தால் போதும்.

திருடுபவரையும், திருட்டைத் தடுக்கக்கூடியவரையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். இதனால் நஷ்டம் நமக்குத்தான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் மாதிரி ரயில் செய்யும் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. கருவிகளைப் பிரித்துப் பார்த்து, புத்திசாலித்தனமாக வேறு விதத்தில் இயங்க வைப்பதை அவர்கள் 'ஹேக்' என்றார்கள். எது எப்படி இயங்குகிறது என்று நோண்டிப் பார்ப்பது, தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்வது. அதுதான் ஹேக்கர் பண்பாடு. கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்ததும் இங்கிருந்துதான்.

இது நம்ம ஊருக்குப் புதிதில்லை. கட்டற்ற மென்பொருளைக் கிராமப்புற மாணவர்களிடம் கொண்டுபோகும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு அந்த மரபில் வந்ததுதான்.

தாம்பரம் மாணவர் செய்தது என்ன?

2021-ல் தாம்பரம் பகுதியைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவர் ஒருவர், ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஓர் ஓட்டையைக் கவனித்தார். பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் அடுத்தவரின் பயண விவரம் தெரிந்தது. 'இந்த டிக்கெட் இவருடையதுதானா?' என்று சர்வர் சரிபார்க்கவில்லை. அவ்வளவுதான் பிழை. ஆனால் அதை வைத்து முன்பின் தெரியாதவரின் டிக்கெட்டை ரத்தே செய்ய முடியும்.

அவர் அதை விற்கவில்லை. சமூக வலைதளத்தில் பீற்றிக்கொள்ளவும் இல்லை. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான 'செர்ட்-இன்'னுக்கு எழுதினார். சில நாட்களில் ஓட்டை அடைக்கப்பட்டது.

2019-ல் சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்ற வழிவிடும் பிழையைக் கண்டுபிடித்தார். ஃபேஸ்புக் நிறுவனம் அவருக்கு 30,000 டாலர் பரிசு கொடுத்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்த நிறுவனமே 'பக் பவுண்ட்டி' என்ற பெயரில் வழி திறந்து வைத்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவுப்படி, உரிமையாளர் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைந்தால் இழப்பீடு கட்ட நேரிடலாம். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தில் செய்தால், 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் ஓட்டையைக் காட்டுபவருக்கென்று சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இல்லை. எழுத்துக்கு எழுத்து படித்தால் தாம்பரம் மாணவர் நின்றதும் ஆபத்தான இடத்தில்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். திண்டிவனத்தில் இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு மாணவி, கட்டணம் கட்டும் தளத்தில் இப்படியோர் ஓட்டையைப் பார்க்கிறார். சொன்னால் "உன்னை யார் உள்ளே போகச் சொன்னது?" என்பார்கள். சொல்லாவிட்டால் நாளை வேறு யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள். இன்னொரு பக்கம், 'சூப்பர், எங்களிடம் கொடு, பணம் தருகிறோம்' என்று டெலிகிராமில் ஒரு குழு காத்திருக்கலாம். கல்லூரி திட்டுகிறது, மோசடிக் கும்பல் பாராட்டுகிறது என்றால், பத்தொன்பது வயதில் மனசு எந்தப் பக்கம் சாயும்?

சொல்லிக் கொடுத்தால் கெட்டுப் போவார்களா?

நியாயமான பயம்தான். ஆனால் பாடம் ஏற்கெனவே யூடியூபில் கிடைக்கிறது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத்தான் பலரும் சொல்லித் தருவதில்லை. பிரிட்டனின் தேசிய குற்றத் தடுப்பு முகமை 'சைபர் சாய்ஸஸ்' என்ற திட்டம் மூலம் இதைச் செய்கிறது. தடம் மாறக்கூடிய இளைஞர்களிடம் முன்கூட்டியே பேசி, எது குற்றம், அதே திறமைக்கு எங்கே வேலை இருக்கிறது என்று காட்டுகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் இதைத் தொடங்கப் பெரிய செலவு ஆகாது. கல்லூரிகள் ஒரு மின்னஞ்சல் முகவரியையும், 'தரவை எடுக்காமல், உடனே தெரிவித்தால் நடவடிக்கை இல்லை' என்ற உறுதியையும் தங்கள் தளத்தில் வெளியிடலாம். மாவட்ட சைபர் கிரைம் போலீஸார் கல்லூரிக்கு வரும்போது, பணம் போனால் அழைக்க வேண்டிய 1930 எண்ணோடு, சொந்த கம்ப்யூட்டரில் பயிற்சி, பக் பவுண்ட்டி, செர்ட்-இன் ஆகிய சட்டப்படியான வழிகளையும் சொல்லலாம். கூடமாட நின்று வழிகாட்ட கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

சட்டத் திருத்தம் டெல்லியில்தான் நடக்க வேண்டும். அதுவரை ஐடி-யில் வேலை பார்ப்பவர்கள் ஒன்று செய்யலாம்: ஓட்டையைப் பார்த்தவர் தகவல் சொல்ல உங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு முகவரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், அதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.